வானத்துக் கப்பலில் ஒரு கதிர்

தூக்கம் வராத தொல்லைக்கு ஏதாவது வழி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பெயரில் 'தூக்கம்' என்ற சொல் பெரிதாக இருந்தது. அட்டையில் ஒரு வயசுப் பெண் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் ஒரு கவலை கிடையாது. இப்படித் தூங்க நமக்கும் யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது.

எங்கள் சூலூர் கிளை நூலகத்துக்கு நான் போக ஆரம்பித்தது மில் வேலையை விட்ட பிறகுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். படிக்கும்போது உதடு அசையும். யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று அங்கே உட்கார்ந்து படிக்க மாட்டேன். எடுத்த புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். மகனும் மருமகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். பகல் முழுக்க வீடு எனக்குத்தான்.

நூலகத்து அம்மா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது வயசுப் புள்ளைங்க படிக்கற கதைங்கம்மா. பேத்திக்குங்களா?"

"ஆமாங்க" என்று தலையை ஆட்டி வைத்தேன். எனக்குப் பேத்தியே கிடையாது. 'இல்லீங்க, தூக்கம் வர்றதுக்கு' என்று அங்கே எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். வைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. கதை. அதுவும் எப்படிப்பட்ட கதை! இந்தப் பூமி காய்ந்துபோன பிறகு, ஓர் ஊர் சனமே ஒரு கப்பலில் ஏறி வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கப்பலின் தலைவருக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. பெயர் வைக்கும் விசேஷத்துக்குக் கப்பலில் உள்ள யோசிக்கிற மிஷின்களை எல்லாம் கூப்பிடுகிறார்கள். ஒரு மிஷின் குழந்தைக்கு அறிவு தருகிறது, ஒன்று தைரியம் தருகிறது. மூலையில் போட்டு வைத்த பழைய மிஷின் ஒன்றை மட்டும் அழைக்காமல் விட்டுவிடுகிறார்கள். விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்டால் மனிதருக்கே பொறுக்காது. அந்த மிஷின் தானாக விழித்துக்கொண்டு சொல்கிறது: 'இந்தப் பெண் பருவம் வரும்போது ஒரு கதிர் இவளைத் தீண்டும். அன்றைக்குத் தூங்குவாள். நூறு வருடம் எழமாட்டாள்.'

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

கதிர் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். நூல் மில்லில் சுழலுகிற இரும்புக் கதிர். ஸ்பின்னிங் மிஷினில் வரிசை வரிசையாக நின்று ஓடும். அதன் தலையில் நூல் சுற்றுகிற பாபினைச் செருகியிருப்போம். நூல் அறுந்தால் ஓடுகிற கதிரை ஒரு கையால் நிறுத்தி, அறுந்த நுனியை எடுத்து ஒட்டவேண்டும். கவனம் பிசகினால் விரலைப் பார்த்துவிடும். ஆயுசில் பாதியை அதன் முன்னால் நடந்தே கழித்தவள் நான். கதிர் பட்டு ரத்தம் வந்திருக்கிறது, தூக்கம் வந்ததில்லை. ஆனால் வானத்தில் போகிற கப்பலிலும் ஒரு கதிர் ஓடுகிறது என்றதும் கையும் காலும் பரபரத்தன. இதை யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும்.

எனக்கு யாராவது என்றால் அன்னூர் அக்காதான். மில்லில் என் எதிர் மிஷினில் நின்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மில் இரைச்சலில் பேச்சு எடுபடாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். எனக்கு அது வசதியாக இருந்தது. சத்தம் போட்டுப் பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. ஷிப்டு பேச, லீவு கேட்க, கேண்டீனில் எனக்குக் காரம் குறைத்துப் போடச் சொல்ல, எல்லாவற்றுக்கும் அக்காவின் வாய்தான். நான் உதட்டை அசைத்தால் போதும், அவர் கத்திவிடுவார். இப்போது மகன் வீட்டோடு அன்னூரில் இருக்கிறார். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது.

போன் போட்டுக் கதையைச் சொன்னேன்.

"அட, என்ன அம்மணி இது, நீயா இவ்வளவு பேசற? காய்ச்சலா உனக்கு?"

"இல்லீங்கக்கா. கதை அப்படி இருக்குதுங்."

"சும்மா சொல்லாத, படிச்சுக் காட்டு. நாளு பூரா இங்க ஃபேனைப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்."

"நானுங்களா? எழுத்துக் கூட்டித்தானுங்க படிப்பேன்."

"கூட்டு. கூட்டிக் கூட்டிப் படி. எனக்கென்ன பஸ்ஸா போகுது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம் சோறுண்டு பாத்திரம் கழுவியதும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு மேல் படிக்கவேண்டும். நடுவில் எங்கள் ஊர் விமானப் படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போகும். அப்போது விரலை வரியில் வைத்து நிறுத்திக்கொள்வேன். சத்தம் அடங்கினதும் அக்கா கேட்பார், "கப்பல் போயிருச்சா? செரி, படி."

தலைவர் தன் மகளைக் காப்பாற்ற உத்தரவு போடும் இடம் வந்தது. 'கப்பலில் உள்ள கதிர்கள் அனைத்தும் இன்றே அழிக்கப்பட வேண்டும்.' நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, எல்லாக் கதிரையும் உடைச்சுப்போட்டா அத்தனை சனத்துக்குத் துணிக்கு என்னங்க பண்ணுவாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"அட கெரகமே! நீ மில்லுக் கதிருன்னா நெனச்சுட்டு இருக்கற?"

"பின்னே?"

"அது வெளிச்சக் கதிரு அம்மணி. சூரியக் கதிரு, எக்ஸ்ரே, அந்த மாதிரி. டி.வி.ல சுட்டா நீலமா பாயுமல்ல, அது. வானத்துல போறவனுக்கு எதுக்குடி ஸ்பின்னிங் மிஷினு?"

"அங்க போறவங்க துணி உடுத்த மாட்டாங்களாக்கும்?"

"அதெல்லாம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"நூறு வருசத்துக்கா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ரோஷம் வந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கதிர் சுழன்றது என்று எழுதியிருக்கிறது, இரைந்தது என்று எழுதியிருக்கிறது, வெளிச்சம் எங்கே இரையும் என்று கேட்டேன். அக்கா விடவில்லை. கதை எழுதியவரையே கேட்டுவிடலாம் என்றார். அது சும்மா சொன்ன பேச்சு. ஆனால் அடுத்த தரம் நூலகத்துக்குப் போனபோது பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம், அந்தப் புத்தகத்தை எழுதியவரே வருகிறார் என்று. இதை அக்காவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அப்பப் பந்தயம்" என்றார் அக்கா. "முடியறதுக்குள்ள எது கதிருன்னு கதையிலயே தெரிஞ்சுரும். தோத்தவ கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, நான் இப்படி நெனச்சேனுங்கன்னு எழுதுனவங்ககிட்டயே சொல்லோணும்."

"எந்திரிச்சு நின்னுங்களா?"

"மைக்குல."

என் கல்யாணத்தில்கூட ஐயர் கேட்டதற்குத் தலையைத்தான் ஆட்டினேன். ஆனால் கதிர் என்னுடைய கதிர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தைரியமாகச் சொன்னேன், "செரிங்கக்கா."

அதற்குப் பிறகு படித்த படிப்பை என்னவென்று சொல்வது! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. மருமகள் ஒரு நாள் முன்கூட்டியே வந்து கதவைத் தட்டியபோது, அந்தப் பெண் கப்பலின் உச்சி அறைக்கு ஏறிக்கொண்டிருந்தாள். "என்னங்கத்தை, மூச்சு வாங்குது?" என்று மருமகள் கேட்டாள். படி ஏறினது நான்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

அந்த உச்சி அறையில் அழைக்காமல் விடப்பட்ட பழைய மிஷின் இருக்கிறது. அழிக்காமல் தப்பிய ஒரே ஒரு கதிர் அதில் நீலமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. பெண் விரலை நீட்டுகிறாள். நான் படித்துக்கொண்டே, "வேண்டாம் கண்ணு, வேண்டாம்" என்று சொல்லிப்போட்டேன். அக்காவும் போனில், "ஏய், கைய எடு புள்ள!" என்று கத்தினார். அவர் மகன் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டது எனக்கும் கேட்டது. தொட்டுவிட்டாள். விழுந்தாள். அவளோடு கப்பலில் இருந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே தூங்கிப்போனார்கள். சமைத்தவர் கரண்டியோடு, காவல்காரர் நின்ற வாக்கில். மிஷின்கள் மட்டும் ஓடின. ஒயர்கள் முள்வேலி மாதிரி வளர்ந்து கதவுகளை எல்லாம் மூடிக்கொண்டன.

"நீலமாச் சுத்துதாம், கேட்டியா" என்றார் அக்கா. "நீலம்னாலே வெளிச்சந்தான்."

"நம்ம மில்லுல மிஷினுக்கு நீலப் பெயிண்டுதானுங்களே அடிச்சிருந்தாங்க?"

"செரி செரி, மேல படி" என்றார் அக்கா. ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயம். கூட்டத்துக்கு முந்தின நாள். நூறு வருடம் கழித்து வேறொரு கப்பலில் இருந்து ஒரு வாலிபன் வருகிறான். பாழடைந்த கப்பலில் எதையாவது பெயர்த்துக்கொண்டு போய் விற்கலாம் என்று வந்தவன். ஒயர் வேலியை அறுத்துக்கொண்டு உச்சி அறைக் கதவு வரை போய்விட்டான். அடுத்த வரியை என் கண் முதலில் பார்த்துவிட்டது.

'மூடிய கதவைத் துளைத்துக்கொண்டு அந்தக் கதிர் வெளியே பாய்ந்தது. அவன் அதைப் பிடிக்கப் போனான். அவன் கை அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.'

இரும்பு அப்படிச் செய்யாது.

என் கதிர் போய்விட்டது. இத்தனை நாள் நான் நட்டு வைத்த மிஷின்கள் எல்லாம் கப்பலை விட்டுப் போய்விட்டன. விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கண் தெரியாது. இந்த இரண்டு வரியைத் தாண்டி அடுத்ததைப் படித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? நாளைக்கு மைக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. மனது அப்படித்தான் போனது.

"என்ன, சத்தத்தையே காணோம்? கப்பலு போகுதா?" என்றார் அக்கா.

விமானம் எதுவும் போகவில்லை. என்னை நம்பிக் காதைக் கொடுத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். படித்தேன். இரண்டு வரியையும் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

அக்கா உடனே சிரிக்கவில்லை. "நல்ல சேலையா எடுத்து வெய்யி" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் சிரித்தார்.

ஆனால் கடைசி அத்தியாயம் அந்த வருத்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வாலிபன் எழுப்புவதற்கு முன்னாலேயே பெண் தானாகக் கண்ணைத் திறக்கிறாள். எழுந்து உட்கார்ந்து, 'யார் நீ? என் வீட்டில் உனக்கு என்ன வேலை?' என்று கேட்கிறாள். "அப்படிக் கேளு!" என்று அக்கா கை தட்டினார். நானும் தட்டினேன். ஆளுக்கு ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கிழவிகள் கை தட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அவர் மகன் காரில் கொண்டுவந்து விட்டார். நூலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தேன். நூலகத்து அம்மா பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. பேத்தி வரலீங்களா?"

நான் பதில் தேடுவதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "இவளுக்கு ஏதுங்க பேத்தி? ஒத்தைப் பையன். அவனுக்கும் ரெண்டும் பசங்க."

நூலகத்து அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதியவர் சின்னப் பெண். கிணத்துக்கடவுப் பக்கமாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். பிள்ளைகள் மளமளவென்று கேட்டார்கள். அந்தக் கப்பல் எத்தனை வேகம் போகும், அந்த வாலிபன் நல்லவனா கெட்டவனா என்று. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அக்கா என் முழங்கையை இடித்தார். பிறகு தானே கையைத் தூக்கி, "இங்க ஒருத்தி கேக்கோணுங்களாமா!" என்று கத்தினார். மில்லில் கத்தின அதே கத்தல்.

மைக் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. என் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "சத்தமாப் பேசு அம்மணி. இப்ப உன்ற உதடு எனக்குத் தெரியறதில்ல."

அது என்னவோ செய்தது.

"ஏனுங்க கண்ணு" என்றேன். என் குரல் கூரையில் இருந்து திரும்பி வந்தது. "நான் நூல் மில்லுல வேலை பார்த்தவங்க. உங்க கதையில கதிரு கதிருன்னு வருதுங்களே, அது எங்க மில்லுல சுத்துற இரும்புக் கதிருன்னே நெனச்சுப் படிச்சுப்போட்டேனுங்க. கதவுக்குள்ள பூந்து வெளிய வந்தப்பறந்தான் வெளிச்சம்னு தெரிஞ்சுதுங்க. அதுவரைக்கும் தப்பாவே படிச்சுட்டு வந்திருக்கறேன். இந்த அக்காகூடப் போட்ட பந்தயத்துல தோத்துட்டேனுங்க. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கதை எழுதிய பெண் மட்டும் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"நான் வெளிச்சக் கதிருன்னுதானுங்க எழுதுனேன். உங்க அக்காதான் ஜெயிச்சாங்க" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க பாட்டி. இது நானா உண்டாக்குன கதை இல்லீங்க. ரொம்பப் பழைய கதை ஒண்ணு இருக்குது, அந்தக் காலத்து வெளிநாட்டுக் கதை. அதைத்தான் நான் வானத்துக்குக் கொண்டுபோனேன். அந்தப் பழைய கதையில ராஜா மக தூங்கிப்போறது எது குத்தி தெரியுங்களா? நூல் நூக்கற கதிரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இரும்பா?" என்று கேட்டேன். மைக் வாயருகே இருப்பதே மறந்துவிட்டது.

"மரத்துல இருக்குமுங்க, தக்கிளி மாதிரி."

தக்கிளி! மூன்றாம் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்து தக்கிளியில் நூல் நூற்றிருக்கிறோம். என் கை அந்த இடத்திலேயே, தொடையில் வைத்து உருட்டுகிற மாதிரி அசைந்தது.

"அந்த ராஜா நாட்டுல இருக்கற எல்லாக் கதிரையும் எரிக்கச் சொல்லிடுவாருங்க" என்றார் அந்தப் பெண்.

"அப்பத் துணிக்கு என்னங்க பண்ணுனாங்க?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. இந்தத் தடவை அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். "அதை அந்தக் கதையிலயும் சொல்லலீங்க" என்றார்.

எனக்கு இன்னொன்றும் கேட்கவேண்டியிருந்தது. வந்த மைக்கை விட மனதில்லை. "எல்லாரும் தூங்கிட்டாங்க, மிஷினு மட்டும் நூறு வருசம் ஓடுச்சுன்னு எழுதியிருக்கறீங்க. ஆள் நிக்காம மிஷினு ஓடாதுங்களே. யாரோ ஒருத்தர் முழிச்சிருந்திருக்கோணுமல்லங்க?"

அந்தப் பெண் வாயில் விரலை வைத்து, 'சொல்லாதீங்க' என்பது போல் சைகை செய்தார். "ஒருத்தி முழிச்சுட்டுத்தான் இருந்தாளுங்க. அதுதான் ரெண்டாம் பாகம். எழுதிட்டு இருக்கறேன்."

பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமலே, "சீக்கிரம் எழுதிப்போடுங்க அம்மணி! எங்களுக்கெல்லாம் நூறு வருசம் தூங்கிட்டு வந்து படிக்க முடியாது!" என்றார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "ரெண்டு கதிரும் இருந்திருக்குது பாரு. பந்தயத்த என்ன பண்றது?" என்று கேட்டார். தோற்றது தோற்றதுதான் என்றேன். தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நூலகத்து அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அறையின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான், நடுவில் பிள்ளைகள். பக்கத்தில் போய் மெல்லக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கவே இல்லை.

"ஏனுங்க! அந்தப் பழைய கதை இங்க இருக்குதுங்களா? ராஜா கதிரை எரிக்கற கதை?"

அவர் நாற்காலியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "சின்னப் புள்ளைங்க அலமாரியில இருக்குமுங்க. படம் போட்ட புத்தகம். யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க" என்றேன்.